காவல் வலி

அந்த வண்டியின் பின்சீட்டுக்கு அசதி என்றால் என்னவென்று தெரியவில்லை. அதுதான் கோளாறு என்றார் ஹேமலதா மேடம். மற்றதெல்லாம் அதற்குத் தெரிந்திருந்தது.

கதவை விட்டால் அதுவே போய்ச் சத்தமில்லாமல் ஒட்டிக்கொள்ளும். வெயில் ஏற ஏறக் கண்ணாடி தானாகக் கறுக்கும். நாலு பேர் உட்கார்ந்தால் நாலு பேருக்கும் அவரவருக்கு வேண்டிய குளிர் வரும். வெளியே கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் உள்ளே இருக்கிற ஸ்பீக்கர் அந்தச் சத்தத்துக்கு எதிர்ச்சத்தம் போட்டு அதை விழுங்கிவிடும். சந்தன வாசனை வேண்டுமா, மழை பெய்த மண் வாசனை வேண்டுமா என்று கேட்கும். பின்சீட்டில் சாய்ந்தால் கீழேயிருந்து ஒரு பலகை எழும்பி வந்து காலைத் தாங்கும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், கார் கம்பெனியின் சோதனை ஷெட்டில் அந்த வண்டியைத் துடைக்கிறவள் நான். பெயர் செல்லியம்மாள். காண்ட்ராக்ட் ஆள்.

சீட்டுக்குள்ளே சின்னச் சின்னக் காற்றுப் பைகள், சூடு கொடுக்கும் கம்பிகள், நரம்பைத் தொட்டுச் சமாதானப்படுத்தும் ஏதோ ஒன்று, எல்லாம் வைத்திருந்தார்கள். உட்கார்ந்தவர் உடம்பு எங்கே இறுகியிருக்கிறது என்று சீட்டு தேடும். தேடி அமுக்கிவிடும். வீட்டு வாசலில் இறங்கும்போது ஆள் தூங்கி எழுந்தவர் மாதிரி இறங்க வேண்டும். அதுதான் அந்த வண்டியின் பெரிய விஷயம். அதை நம்பித்தான் அந்த விலை.

ஆனால் அது நடக்கவில்லை. ஆபீசில் இருந்து ஆட்களைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். எல்லோரும் இறங்கி "நல்லா இருக்கு" என்றார்கள். திரையில் அவர்கள் உடம்பு படமாக வரும். இறுகிய இடம் சிவப்பு, தளர்ந்த இடம் வெள்ளை. வாய் நல்லா இருக்கு என்றது. படம் சிவப்பாகவே இருந்தது.

ஒரு நாள் நான் கதவு இடுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஹேமலதா மேடம் அந்தச் சீட்டிலிருந்து இறங்கி, கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தச் சீட்டுக்கு அவர்தான் பொறுப்பு. கரூர்ப் பக்கத்துப் பெண். என்னை அக்கா என்பார்.

"இன்னா மேடம், வலிக்குதா?"

"இது அமுக்குறதுல வலி கூடிப் போச்சுக்கா. எங்க அமுக்கணும்னு தெரியுது, எப்படின்னு தெரியல. கம்ப்யூட்டர்ல ஆயிரம் விதம் போட்டுக் குடுத்தாச்சு. எதுக்கும் உடம்பு விட்டுக் குடுக்க மாட்டேங்குது."

"நிஜமா அசந்தவன் யாராவது ஏறுனாங்களா?"

மேடம் திரும்பிப் பார்த்தார்.

"இவங்கெல்லாம் உக்காந்து அசந்தவங்க. தூக்கி அசந்தவன் முதுகு வேற. அது ஒரு கைக்குத்தான் அடங்கும்" என்றேன். சும்மா பேச்சுக்குத்தான் சொன்னேன். அன்றைக்கு அவர் என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து, "உங்க வீட்டுக்காரர் என்ன வேலைக்கா பாக்கறார்?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் எட்டியப்பன் லோடுமேன். இந்தக் கம்பெனிக்கு வரும் உதிரிபாகப் பெட்டிகளை இறக்கும் யார்டு, சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே வேலை. அடி முதுகில் இரண்டு எலும்புக்கு நடுவே இருக்கிற மெத்தை பிதுங்க ஆரம்பித்திருக்கிறது, தூக்குவதை விட்டுவிடு, இல்லையென்றால் கால் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விட்டுவிட்டு என்ன செய்வது என்று டாக்டர் சொல்லவில்லை. அந்த முதுகு முழுசாகப் போவதற்குள் அவர் தூக்குவதை நிறுத்த வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஷிப்ட் முடிந்ததும் அவரை ஷெட்டுக்கு அழைத்து வந்தேன். கையைக் காலைக் கழுவிக்கொண்டு வந்தும் அவர் சீட்டின் நுனியில்தான் உட்கார்ந்தார். நான் துடைத்த சீட்டு என்று தெரியும்.

"நல்லா சாஞ்சு உக்காருங்கண்ணே" என்றார் மேடம்.

"எங்க போவுதும்மா வண்டி?"

"எங்கயும் போகாது. இங்கயேதான்."

"போவாத வண்டிக்கு இவ்ளோ அலங்காரமா" என்று என்னைப் பார்த்தார். "நம்ம கல்யாணத்துக்கே டெம்போலதான வந்தோம்மே."

மேடம் என் கைக்கு மெல்லிய உறை ஒன்று மாட்டினார். கோழி முட்டை ஓட்டுக்குள்ளே இருக்குமே ஒரு சவ்வு, அந்த மாதிரி. நான் வீட்டில் எப்படி அமுக்குவேனோ அப்படியே அமுக்க வேண்டும். கை எங்கே போகிறது, எவ்வளவு அழுத்துகிறது, எங்கே காத்திருக்கிறது, எல்லாவற்றையும் உறை எழுதிக்கொண்டு திரையில் காட்டும். பிறகு அதே மாதிரி சீட்டு செய்யும்.

"எப்டி மேடம், பாத்துட்டு செய்ற மாதிரியா?"

"அதுக்குக் கண்ணு கிடையாதுக்கா. வலின்னு ஒண்ணும் தெரியாது. பக்கத்து இடத்தைவிட இந்த இடம் வித்தியாசமா இருக்கா, அதை மட்டும்தான் பார்க்கும். எல்லாம் ஒரே சீரா இருந்தா வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சுக்கும்."

"இந்த ஒரு வண்டி மட்டும் கத்துக்குமா?"

"ஒரு வண்டி கத்துக்கிட்டா எல்லா வண்டிக்கும் போயிடும். கடைசியா எந்தக் கை கத்துக் குடுக்குதோ அந்தக் கைதான் நிக்கும்."

ஷெட்டின் ஓரத்தில் ஒரு பெஞ்சில் அவரைக் குப்புறப் படுக்கச் சொல்லி வேலையை ஆரம்பித்தேன். தோள்பட்டையில் இருந்து கீழே இறங்குவேன். பெட்டி உட்காருகிற இடது தோளில் சதை கருங்கல்லாகியிருக்கும். அங்கே முதலில் போகக் கூடாது. சுற்றி இருப்பதைத் தளர்த்திவிட்டுக் கடைசியில் போனால் அதுவே வழிவிடும். பேசிக்கொண்டே அமுக்க வேண்டும். பேசாமல் அமுக்கினால் முதுகு காத்துக்கொண்டே இருக்கும்.

"உங்க யார்டுல வரதன் இன்னா சொல்றான்?" என்று கேட்டேன்.

"அவன் இன்னா சொல்வான். காண்ட்ராக்டர் தணிகாசலம் லீவு குடுக்கலன்னு மொட்ட மாடில ஏறி நின்னுகினு ராஜினாமான்னு கத்துறான். கீழ யாரும் பாக்கல, எறங்கி வந்துட்டான்."

மேடம் சிரித்துவிட்டார். திரையில் சிவப்பு கரைந்துகொண்டே வந்தது. மேடம் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. கடைசியில் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, எலும்புக்கு இடப் பக்கம், உளுந்து அளவுக்கு ஒரு சிவப்பு நின்றது. நான் அதைச் சுற்றிக்கொண்டு போய், அதன் மேல் விரலால் இரண்டு தட்டு தட்டிவிட்டுக் கையை எடுத்தேன்.

"எழுந்து சாப்புடுய்யா" என்றேன். வீடு என்ற நினைப்பில் வாயில் வந்துவிட்டது.

"அந்த ஒண்ணு விட்டுப் போச்சேக்கா" என்றார் மேடம்.

"அது விட்டது இல்ல மேடம். வச்சது."

லோடுமேன் வீடுகளில் இது வழக்கம். எத்தனை அமுக்கினாலும் அந்தக் கடைசி முடிச்சைத் தொட மாட்டோம். காவல் வலி என்போம். அதையும் எடுத்துவிட்டால் மறுநாள் உடம்புக்கு அளவு தெரியாது. எது தூக்கலாம் எது தூக்கக் கூடாது என்று சொல்கிற ஆள் அந்த வலிதான். அந்த இடத்தில் இரண்டு தட்டு தட்டினால், நீ இங்கேயே இரு, நாளைக்குப் பார்த்துக்கொள் என்று அர்த்தம். படுத்திருப்பவனுக்குப் போதும் எழுந்திரு என்று அர்த்தம்.

மேடம் கேட்டுக்கொண்டார். "சரிக்கா. நீங்க செய்யற மாதிரியே அதுவும் செய்யட்டும்."

கொஞ்ச நாளில் சீட்டு என் கையைக் கற்றுக்கொண்டது. தினம் ஷிப்ட் முடிந்து இவர் வந்து உட்காருவார். சீட்டு தோளில் ஆரம்பிக்கும், சுற்றிப் போகும், கருங்கல்லுக்குக் கடைசியில் வரும், உளுந்தை விட்டுவிட்டு இரண்டு தட்டு தட்டும். முதல் முறை தட்டியபோது இவர் பழக்க தோஷத்தில் எழுந்து, கூரையில் தலையை இடித்துக்கொண்டார்.

"பாவி, வண்டிக்கும் சொல்லிக் குடுத்துட்டியா" என்றார்.

ஆபீஸ் ஆட்களை மறுபடி உட்கார வைத்தார்கள். இந்த முறை திரை வெளுத்தது. அவர்கள் யாரும் நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினார்கள். ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லோர் படத்திலும் அந்த உளுந்து மட்டும் இருந்தது.

பெரிய சார் வந்து பார்த்தார். அவர்தான் அந்த வண்டிக்கே தலைவர். குரலை உயர்த்தாத மனுஷர்.

"இது என்ன சிவப்பு?"

மேடம் சொன்னார். காவல், அளவு, லோடுமேன் வழக்கம், எல்லாம் சொன்னார். சார் முழுக்கக் கேட்டார்.

"நம்ம வண்டி வாங்கறவர் பெட்டி தூக்கப் போறாராம்மா?"

"இல்லை சார்."

"அப்ப அவருக்கு அந்த வலி எதுக்கு? இவ்வளவு விலை குடுத்து மிச்ச வலியோட இறங்கணுமா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே சொல்லிக் குடுத்தது? ரொம்ப நல்ல கை. அதையும் எடுத்துடுங்க. உங்க வீட்டுக்காரருக்கு இங்க கேட்ல உக்கார்ற வேலை போட்டுத் தரச் சொல்றேன். அதுவரைக்கும் தினம் வந்து சோதனைக்கு உக்காரட்டும்."

உட்கார்ந்த வேலை என்றதும் எனக்குள் ஒன்று தளர்ந்தது. அதுவரைக்கும் என்றதும் இறுகியது. சோதனைக்கு உட்கார வேண்டுமானால் அசந்த உடம்பு வேண்டும். அசந்த உடம்பு வேண்டுமானால் தூக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் சோறு போட்டுக்கொண்டே சொன்னேன்.

"நான் எடுக்க மாட்டேன்யா."

"ஏம்மே?"

"உனக்குத் தெரியாதா ஏன்னு."

"உக்காந்த வேலம்மே. நாற்காலி. மேல ஃபேன் சுத்தும். வர்ற வண்டிக்கு கேட்டத் தொறந்து வுட்டு சலாம் வச்சா போதும். அப்புறம் எனக்கு எதுக்குக் காவலு? நானே காவல்தான்."

"அந்த வேல வர்ற வரைக்கும் நீ தூக்கணுமே. அந்த நாளுக்குக் காவல் வேணாமா?"

அவர் மோரை ஊற்றிப் பிசைந்தார். சாப்பிட்டு முடித்தபின், "ஒரே ஒரு தபா அது இல்லாம இருந்தா எப்டி இருக்கும்னு பாக்கணும்மே" என்றார். "கல்யாணத்துக்கு முன்னால இருந்து அது என்கூட கீது. உன்னவுட பழசு."

மறுநாள் மேடத்திடம் போய்ச் சொன்னேன். "மன்னிச்சுக்கங்க மேடம். அந்த எடத்த நான் தொட மாட்டேன். வேற ஆளு பாருங்க."

அவர் என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீங்க தொடத் தேவையில்லைக்கா."

"அப்புறம்?"

"தினம் அதைச் சுத்தியே போனீங்க. எல்லாப் பக்கமும் தொட்டு அந்த ஒரு இடத்தை மட்டும் விட்டா, அந்த இடம் எங்க இருக்கு, எவ்வளவு ஆழம்னு சீட்டுக்கே தெரிஞ்சு போயிடும். நேத்தே கண்டுபிடிச்சிடுச்சு. சார் இன்னைக்கே போடச் சொல்லிட்டார்."

நான் கையில் இருந்த துணியை மடித்தேன். மறைத்து வைத்ததுதான் காட்டிக்கொடுத்திருக்கிறது.

அன்று இவர் சீட்டில் சாய்ந்தார். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். சீட்டு எல்லாம் செய்தது. கடைசியில் அந்த இடத்துக்குப் போய், கொஞ்சம் சூடு கொடுத்து, கொஞ்சம் அதிர்ந்து, காத்திருந்து, மறுபடி அதிர்ந்தது. திரையில் உளுந்து எள்ளானது. எள்ளும் போனது. உடம்பு முழுக்க வெள்ளை. ஷெட்டில் யாரோ கை தட்டினார்கள். அதன்பிறகு சீட்டு அவரை இரண்டு தட்டு தட்டியது.

அந்தத் தட்டலை எடுக்க வேண்டாம் என்று விளம்பரக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். வீடு வந்ததும் வண்டி செல்லமாகத் தட்டி எழுப்புகிறது என்று போட்டால் நன்றாயிருக்குமாம். வலியை எடுத்துவிட்டுத் தட்டலை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இவர் இறங்கி நின்றார். இடுப்பைத் திருப்பிப் பார்த்தார். குனிந்தார், நிமிர்ந்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"செல்லி" என்றார். பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகியிருந்தது. "ஒண்ணுமே இல்லம்மே."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு முன்னால் நடந்தார். நான் எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. நாளைக்கு யார்டுக்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். போகாவிட்டால் அசதி எங்கிருந்து வரும், அசதி இல்லாவிட்டால் நாற்காலி எங்கிருந்து வரும் என்று கேட்டார்.

மறுநாள் நடந்ததை வரதன் சொன்னான். அவனும் அந்த யார்டில் லோடுமேன், எனக்குத் தம்பி மாதிரி. காலையில் இவர் பிரேக் டிரம் பெட்டியை ஒண்டியாகத் தூக்கியிருக்கிறார். இரண்டு பேர் பிடிக்கிற பெட்டி அது. "இன்னா மாமா, கல்யாண மாப்ள மாதிரி கீற" என்று எல்லோரும் கேலி செய்திருக்கிறார்கள். இவரும் சிரித்துக்கொண்டே இன்னும் சிலது தூக்கியிருக்கிறார். எப்போது அந்த எலும்பு மெத்தை பிதுங்கி வெளியே வந்தது என்று யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது. வலிக்கவே இல்லை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் எழுந்து நடந்தபோது இடது செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. வரதன்தான் எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறான்.

முதல் பெட்டியிலேயே வலித்து நிறுத்தியிருந்தால் கால் பிழைத்திருக்கும் என்றார் டாக்டர். அறுத்துப் பார்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே இடது கால் திரும்பி வரவில்லை. பாதம் தரையில் இழுபடும். கிள்ளினால் தெரியாது.

அவருக்கு முதுகு போனது யார்டில், வண்டியில் இல்லை என்றது கம்பெனி. அளவுக்கு மேலே அவராகத்தான் தூக்கினார் என்றார் யார்டு காண்ட்ராக்டர் தணிகாசலம். இரண்டும் உண்மைதான். நாற்காலி கொடுத்தார்கள். சொன்ன வாக்கைக் காப்பாற்றினார்கள். மேலே ஃபேனும் சுற்றியது.

வண்டி விற்பனைக்கு வந்தது. வாங்கியவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள் என்று கேள்வி. பெட்டி தூக்காதவர்களுக்கு அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை போலிருக்கிறது. நான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள் நான் துடைக்கிற வண்டிகளில் ஒன்று குறைந்தது. ஓடி ஓய்ந்த பழைய சோதனை வண்டி. அதைத் தணிகாசலம் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தார். சாலைக்கு அந்தப் பக்கம் யார்டில், பெட்டிகளுக்கு நடுவே, முத்து நிறத்தில் அது நின்றது. சக்கரத்துக்குக் கீழே கல் வைத்திருந்தார்கள். சாப்பாட்டு வேளையில் ஆட்கள் வரிசையாக ஏறி உட்காருவார்கள். கண்ணாடி கறுத்துக்கொள்ளும். இறங்கியதும் அடுத்த ஷிப்டுக்கும் அப்படியே நிற்பார்கள்.

வரதன் என்னை வழியில் பார்த்துச் சொன்னான். "அக்கா, இன்னா சொர்க்கம்க்கா அது. எறங்குனா ஒடம்பே இல்லாத மாதிரி கீது. நேத்து நானே ஒண்டியா ஒரு டிரம் பெட்டி தூக்கிட்டேன், தெரியுமா."

"வலிச்சுதாடா?"

"வலியா. அப்டின்னா இன்னா?" என்று சிரித்தான்.

அவன் போகும்போது நான் அவன் செருப்பைப் பார்த்தேன். இரண்டும் காலில்தான் இருந்தன.

அடுத்த நாள் காலையிலேயே மேடத்தின் மேசைக்குப் போனேன். துடைக்கிறவர்கள் அங்கே போவது இல்லை. அவர் எழுந்து நின்றார்.

"யார்டுல நிக்குற வண்டிய நிறுத்த முடியாதா மேடம்?"

"எழுதிக் குடுத்தேன்கா. ரெண்டு தடவை. இது வசதிக்கான பொருள், யார் எப்படி உபயோகிக்கறாங்கன்னு நாம பார்க்க முடியாதுன்னுட்டாங்க. இன்னும் நாலு யார்டுல கேட்டிருக்காங்களாம்." அவர் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. என் வீட்டுக்காரருக்குக் கால் போன பிறகு மேடம் அந்தச் சீட்டில் ஏறியதை நான் பார்த்ததில்லை.

"அங்க பொம்பளைங்களும் கீறாங்க. கிழவனுங்க கீறாங்க. அந்த ஒடம்பெல்லாம் வண்டிக்குத் தெரியாதே. என் வீட்டுக்காரரு ஒருத்தர வச்சுத்தான அது கத்துக்குச்சு."

"ஆமா."

"நான் மறுபடி கத்துக் குடுக்கட்டுமா?"

அவர் "எதுக்குக்கா?" என்று கேட்கவில்லை. "இதைச் சொன்னா சார் உடனே சரின்னுடுவார்" என்றார். "புது உடம்புங்க கிடைக்குதுன்னு சந்தோஷப்படுவார்."

அப்படித்தான் ஆனது. யார்டில் ஒரு பெஞ்ச் போட்டு, தார்பாயில் மறைப்புக் கட்டினார்கள். மேடம் திரையோடு வந்தார். நான் கையுறை மாட்டிக்கொண்டேன். ஊர் ஆம்பளைங்க முதுகை எல்லாம் இவள் அமுக்குவாளா என்று முணுமுணுப்பு வரும் என்று தெரியும். அதனால் இவர் கேட் நாற்காலியை விட்டுக் காலை இழுத்துக்கொண்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"வாங்கடா, வரிசையா படுங்க. என் பொண்டாட்டி கை, கூச்சப்படாத அமுக்கும்" என்றார்.

வரதன் முதலில் படுத்தான். இடது தோள், சுற்றி இருப்பது, கருங்கல். எல்லாம் அதே வழிதான். ஆனால் சதை தளர ஆரம்பிக்கிறது என்று விரலுக்குத் தெரிகிற அந்த நிமிஷத்தில் கையை எடுத்துவிட்டேன். அடுத்த இடத்துக்குப் போனேன். அங்கேயும் அப்படித்தான். இடுப்புக்கு மேலே, எலும்புக்கு இடப் பக்கம், அந்த இடத்துக்கும் போனேன். சுற்றிப் போகவில்லை. மற்ற இடத்தில் எத்தனை அழுத்தமோ அத்தனை அழுத்தம், எத்தனை நேரமோ அத்தனை நேரம். அங்கேயும் பாதியில் எடுத்தேன்.

"இன்னாக்கா, கை எறங்கிடுச்சு ஒனக்கு" என்றான் வரதன். "மாமாவுக்கு மட்டும்தான் ஒயுங்கா அமுக்குவியா?"

"அவன் குடுத்து வச்சது அவ்ளோதான்" என்றார் இவர். "எழுந்திர்றா, அடுத்தவன் வரட்டும்."

ஒவ்வொருவராக வந்தார்கள். பெண்கள் வந்தார்கள். பெண்களுக்குத் தோளைவிட இடுப்பில்தான் இறுகியிருந்தது. அதிலும் பாதிக்குப் பாதி. எனக்குக் கை கடுத்தது. முழுக்க அமுக்குவதைவிடப் பாதியில் எடுப்பது கஷ்டம். கை தானாகப் போய் முடிக்கப் பார்க்கும். அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். இவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் ஆளிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கையின் கீழே எத்தனை வருஷம் படுத்தவர். அவர் கேலி மட்டும் கூடியது.

எல்லோரும் முடிந்தபின் மேடம் திரையைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். சிவப்பு எங்கேயும் இல்லை. வெள்ளையும் இல்லை. தலை முதல் கால் வரைக்கும் ஒரே வெளிர் ரோஸ். மூலை முடுக்கில்கூட ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை.

மேடம் அதை ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் திரையைத் தொட்டு முதுகைப் பெரிதாக்கினார். அந்த இடத்துக்கு வந்தார். அங்கேயும் ரோஸ்.

"ஒரே சீரா இருக்கு" என்றார்.

"ஆமா மேடம்."

"ஒரே சீரா இருந்தா வேலை முடிஞ்சுதுன்னு அது நினைச்சுக்கும்."

"நீங்கதான் சொன்னீங்க."

திரையில் பச்சையாக ஒரு கேள்வி வந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். எல்லா வண்டிகளுக்கும் அனுப்பலாமா என்று கேட்டது. மேடம் முகத்தில் எதுவும் இல்லை. அனுப்பு என்று அழுத்திவிட்டுத் திரையை மடித்தார்.

ஒரு வாரத்தில் யார்டு ஆட்கள் சாப்பாட்டு வேளையில் வண்டியில் ஏறி, இறங்கி, "பரவால்ல" என்று சொல்லிவிட்டு ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். தணிகாசலம் திட்டிப் பார்த்தார். வண்டியையும் திட்டினார். மற்ற யார்டுக்காரர்கள் கேட்டதை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். மழைக்காலம் வந்ததும் அந்த முத்து நிற வண்டியின் மேல் தார்பாய் போட்டு, அதன்மேல் காலிச் சாக்குகளை அடுக்கிவிட்டார்கள். வரதன் மறுபடியும் மொட்டை மாடியில் ஏறினான் என்று கேள்விப்பட்டேன்.

பெரிய சாருக்கும் அதே வண்டிதான். ஒரு காலை நேரம் நான் ஷெட் வாசலில் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் வண்டி வந்து நின்றது. கதவு தானாகத் திறந்தது. உள்ளே சீட்டு அவரை இரண்டு தட்டு தட்டியிருக்கும். இறங்கி நின்றவர், நடக்காமல் ஒரு நொடி இடது கையை இடுப்பில் வைத்தார். எங்கள் ஆட்கள் லாரியிலிருந்து இறங்கியதும் வைப்பார்களே, அந்த மாதிரி. டிக்கியில் ஏதோ ஃபைல் பெட்டி இருந்தது. டிரைவர் வருவதற்குள் அவரே எடுக்கப் போனார். குனியப் பார்த்தவர் நிறுத்திக்கொண்டு, முழங்காலை மடக்கி, பெட்டியை மார்போடு அணைத்து, மெதுவாக எழுந்தார்.

மேடம் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "அவருக்கும் வலிக்குதாம்மே?" என்றார்.

"கொஞ்சம்."

"கொஞ்சம் இர்க்கட்டும்."

கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு குப்புறப் படுத்தார். இப்போதெல்லாம் முதுகு அமுக்குவது கிடையாது. கால்தான். எண்ணெய் தொட்டு, முழங்காலுக்குக் கீழிருந்து பாதம் வரைக்கும் நீவிவிடுவேன். ரத்தம் ஓட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எண்ணெய் காயும் வரைக்கும் யார்டுப் பேச்சைப் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு கணுக்காலில் இரண்டு தட்டு தட்டினேன்.

அவர் எழவில்லை. தலையணையில் முகம் வைத்தபடியே, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

"தட்டிட்டியா?"

"தட்டிட்டேன்யா" என்றேன். "எழுந்து சாப்புடு."